மூணு சுவர், ஒரு கண்ணாடி, இருபத்தஞ்சு வருஷம்: ஜோஷ்னா சின்னப்பா

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

புள்ளலூர்ல இருந்து பேசுறேன்.

போன எபிசோட்ல நம்ம ஊர்ச் சண்டையைப் பத்திப் பேசினோம். 1780 செப்டம்பர் 10, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியோட படையை நொறுக்கின கதை. அடுத்த வருஷமே இங்க நடந்த ரெண்டாவது சண்டையில செத்துப்போன வெள்ளைக்கார அதிகாரிகளோட நினைவுத்தூண் இன்னும் வயலோரமா நிக்குதுன்னும் சொன்னேன். அதைக் கேட்டுட்டு எங்க தெருவுல ஒரு அக்கா என்னை வழியில நிறுத்திட்டாங்க. "தம்பி, எப்பப் பாரு சண்டை, ராஜா, பீரங்கி. பொம்பளைங்களுக்கு வரலாறே கிடையாதா?"ன்னாங்க. பதில் சொல்றதுக்குள்ள அடுத்த கேள்வி. "டிவில காட்டினான். சென்னையில ஏதோ உலகக் கோப்பையாம். 39 வயசுப் பொம்பளை ஒருத்தி மட்டையை வச்சுக்கிட்டு ஓடி ஓடி அடிச்சு ஜெயிச்சா. அவ யாரு? அந்த வயசு வரைக்கும் வெளையாட எப்படி விட்டாங்க?"

அந்த அக்காவோட பொண்ணு கோ-கோ நல்லா ஆடும். பிளஸ் டூ முடிச்சதோட நின்னுபோச்சு. யாரும் நிறுத்தல, தானா நின்னுச்சுன்னுதான் வீட்ல சொல்றாங்க. அதனால "எப்படி விட்டாங்க"ங்கிற கேள்வியை என்னால சும்மா கடந்து போக முடியல. இந்த எபிசோட் அதுக்காகத்தான்.

அவங்க டிவில பார்த்தது ஜோஷ்னா சின்னப்பா. ஆட்டம் ஸ்குவாஷ்.

நம்ம பக்கம் ஸ்குவாஷ்னா பாட்டில்ல வாங்கி, ரெண்டு ஸ்பூன் ஊத்தி, தண்ணி கலந்து விருந்தாளிக்குக் கொடுக்கிற சமாச்சாரம். அதனால முதல்ல ஆட்டத்தைச் சொல்லிடுறேன். நாலு பக்கமும் சுவர் உள்ள ஒரு அறை. நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். பின்பக்கச் சுவர் பெரும்பாலும் கண்ணாடியா இருக்கும், ஜனங்க பார்க்கணுமில்ல. டென்னிஸ்ல எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிப்பான். இதுல ரெண்டு பேரும் ஒரே பக்கம், தோளோட தோள் உரசுற தூரத்துல நிப்பாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பந்தை முன் சுவர்ல அடிக்கணும். சுவரோட அடியில ஒரு தகரப் பட்டை உண்டு, அதுல பட்டா போச்சு. சுவர்ல பட்டுத் திரும்புற பந்து தரையில ரெண்டாவது தடவை குதிக்கிறதுக்குள்ள எடுத்துடணும். பந்து சின்ன ரப்பர் பந்து, குளிர்ந்திருந்தா களிமண் உருண்டை மாதிரி எழும்பாம கிடக்கும். அடிச்சு அடிச்சுச் சூடேத்தினாத்தான் துள்ளும். அறைக்கு நடுவுல கோடுகள் சேர்ற இடத்துக்கு 'டீ'ன்னு பேரு. அந்த இடம் யார் கையில இருக்கோ அவங்க நிதானமா நிப்பாங்க, மத்தவங்க மூலைக்கு மூலை ஓடுவாங்க. சில நேரம் ஒரே ஒரு பாயிண்ட்டுக்கு முப்பது, நாப்பது அடி போகும். முழங்காலும் இடுப்பும்தான் முதல்ல போகும். 39 வயசுங்கிறது ஏன் பெரிய விஷயம்னு இப்பப் புரியும்.

இதோட பூர்வீகம் ஜெயில். லண்டன்ல கடன் கட்ட முடியாதவங்களை அடைச்சு வைக்கிற சிறைகள் இருந்தது. அங்க பொழுது போகாம கைதிங்க சுவர்ல பந்தடிச்ச ஆட்டம் 'ராக்கெட்ஸ்'. அது பணக்காரப் பையன்கள் படிக்கிற ஹாரோ பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. 1830 வாக்குல அங்க, அமுங்கிப்போற மெத்துப் பந்தை வச்சு ஆட ஆரம்பிச்சதுதான் ஸ்குவாஷ். கடன்காரன் ஆட்டம் கனவான் ஆட்டமா மாறினது வரலாற்றோட குறும்பு. அங்கிருந்து பட்டாளத்துக்கு, பட்டாளத்துல இருந்து காலனி நாடுகளோட கிளப்புகளுக்கு. நம்ம வயல்ல தூணா நிக்கிற ஆட்களோட கம்பெனிக்கு வாரிசா வந்த ராணுவம் எங்கெல்லாம் முகாம் போட்டுச்சோ அங்கெல்லாம் இதுக்கு ஒரு கோர்ட் கட்டினாங்க. எகிப்தும் பாகிஸ்தானும் இந்த ஆட்டத்துல ராட்சசங்களா ஆனது அதனாலதான். பெஷாவர்ல அதிகாரிங்க கிளப்புல பந்து பொறுக்கிப் போட்ட பையன் ஹாஷிம் கான், 1951-ல இங்கிலாந்துக்கே போய் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயிச்சார்.

இந்தியாவுல இது கிளப், ராணுவம், அரண்மனை இந்த மூணுக்குள்ளேயே ரொம்ப நாள் கிடந்தது. பெண்கள்ல முதல் பெரிய பேரு புவனேஸ்வரி குமாரி, ராஜஸ்தான்ல ஆல்வார் அரச குடும்பம். 1977-லிருந்து 1992 வரைக்கும் தொடர்ச்சியா 16 வருஷம் தேசிய சாம்பியன். பதினாறு வருஷம்! 1982-ல அர்ஜுனா விருது, 2001-ல பத்மஸ்ரீ. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். அவங்க ஆடின காலத்துல ஸ்குவாஷை வச்சு ஒரு இந்தியப் பெண் பிழைக்கலாம்னு நினைச்சுப் பார்க்கவே முடியாது. உலக அளவுலயே பெண்களுக்குத் தனியாத் தொழில்முறைச் சங்கம் வந்தது 1983-லதான். ஆஸ்திரேலியாவோட ஹெதர் மெக்கே 1962-லிருந்து 1977 வரை 16 தடவை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சவங்க. அந்தச் சங்கம் வர்றதுக்கு முன்னாடியே அவங்க ஓய்வு பெற்றாச்சு. ஜெயிக்கிறது வேற, அதைத் தொழிலா வச்சுக்கிறது வேற. ஜோஷ்னா கதையோட நடு நரம்பு இந்த ரெண்டாவதுதான்.

ஜோஷ்னா பிறந்தது 1986 செப்டம்பர் 15, சென்னை. குடும்பம் குடகு. சுதந்திர இந்தியாவோட முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா இருந்தாரே, அவர் இவங்க குடும்பத்து மூத்த தலைமுறை உறவு. அப்பா அஞ்சன் சின்னப்பா தமிழ்நாட்டுக்காக ஸ்குவாஷ் ஆடினவர், குடகுல காபித் தோட்டம். தாத்தாவும் ஆடினவர். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்ல அப்பா ஆடப் போகும்போது கூடவே போன பொண்ணு, ஏழெட்டு வயசுல மட்டையைப் பிடிச்சுச்சு. முதல் கோச் அப்பாதான்.

இங்க நான் ஒண்ணை மூடி மறைக்க விரும்பல. "எப்படி விட்டாங்க"ன்னு அந்த அக்கா கேட்டதுக்குப் பாதிப் பதில் இங்கயே இருக்கு. கோர்ட் உள்ள கிளப்ல அப்பா உறுப்பினர். அப்பாவுக்கே ஆட்டம் தெரியும். பொண்ணு ஆடுறதுக்கு வீட்ல யாரும் காரணம் கேட்கல. 1846-ல ஆரம்பிச்ச கிளப் அது. அதோட கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கும், யாருக்கு இல்லைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. புள்ளலூர்ல பிறந்த பொண்ணுக்கு அந்தச் சுவர் வரைக்கும் போறதே ஒரு போர். இதைச் சொல்றதால ஜோஷ்னாவோட உழைப்பு குறைஞ்சு போகாது. ஏன்னா இதே வசதியோட அந்தக் காலத்துல கிளப்புக்குப் போன பிள்ளைங்க எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. மட்டையைக் கீழ வைக்காதவங்க இவங்க.

2000-ல 14 வயசுல தேசிய சீனியர் சாம்பியன். ஜூனியர் இல்ல, சீனியர். அதுவரைக்கும் அவ்வளவு சின்ன வயசுல யாரும் அதை எடுத்ததில்ல. 2003-ல பிரிட்டிஷ் ஜூனியர்ல 17 வயசுக்கு உட்பட்டோர் பட்டம், 2005-ல 19 வயசுக்கு உட்பட்டோர் பட்டம். இந்தியப் பெண் ஒருத்தர் அங்க ஜெயிக்கிறது அதுதான் முதல் தடவை.

அந்தக் காலகட்டத்துல சென்னையில இன்னொரு காரியமும் நடந்துச்சு. என். ராமச்சந்திரன் முன்கை எடுத்து ஸ்குவாஷ் அகாடமி ஒண்ணு வந்தது. இவர் பின்னாடி உலக ஸ்குவாஷ் சம்மேளனத்துக்கே தலைவரானவர். மலேசியாவில இருந்து மேஜர் மணியம், நம்ம நாட்டு சைரஸ் போஞ்சான்னு முழுநேரப் பயிற்சியாளர்கள். போஞ்சாவுக்கு 2005-ல துரோணாச்சாரியா விருது கிடைச்சது. பம்பாய், டெல்லி, கல்கத்தா கிளப்புகளோட ஆட்டமா இருந்தது சென்னை ஆட்டமா மாறினது அந்தப் பத்து வருஷத்துலதான். கல்கத்தாவில இருந்து சௌரவ் கோஷல் இங்க வந்து பயிற்சி எடுத்தார். தீபிகா பள்ளிக்கல்னு ஜோஷ்னாவைவிட அஞ்சு வயசு சின்னப் பொண்ணும் இங்கதான் வளர்ந்தாங்க. தீபிகாவை அப்புறம் பார்ப்போம்.

2005-ல பெல்ஜியத்துல உலக ஜூனியர் சாம்பியன்ஷிப். ஜோஷ்னா இறுதிப்போட்டி வரைக்கும் போயிட்டாங்க. எதிர்ல எகிப்துப் பொண்ணு ரனீம் எல் வெலிலி. தோல்வி. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

(இசை)

ஜூனியர்ல கலக்கினவங்க பாதிப் பேர் காணாமப் போறது 18-லிருந்து 23 வயசுக்குள்ள. எந்த விளையாட்டா இருந்தாலும் இதான். நம்ம அக்காவோட பொண்ணும் இந்த இடத்துலதான் நின்னுச்சு. ஸ்குவாஷ்ல அந்த இடம் எப்படி இருக்கும்னு பார்ப்போம்.

தொழில்முறைச் சுற்றுன்னு சொல்றாங்களே, அது வருஷம் பூரா ஊர் ஊரா நடக்குற போட்டிகள். பெரிய போட்டிக்குப் பெரிய பரிசு, சின்னதுக்குச் சின்னது. ஆனா பெரிய போட்டியில நேரா இடம் கிடைக்கணும்னா தரவரிசை வேணும். தரவரிசை வேணும்னா சின்னப் போட்டிகளை ஜெயிச்சுப் புள்ளி சேர்க்கணும். அந்தச் சின்னப் போட்டிக்கு விமான டிக்கெட், தங்குற செலவு, சாப்பாடு எல்லாம் ஆடுறவங்க கணக்குல. முதல் ரவுண்டுல தோத்தா வர்ற பணம் டிக்கெட்டுக்கே காணாது. சேர்த்த புள்ளியும் ஒரு வருஷம்தான் கணக்குல நிக்கும், அப்புறம் உதிர்ந்துடும். ஆறு மாசம் காயம்னு படுத்தா பாதி ஏணி தானா இறங்கிடும். கிரிக்கெட்டுக்கு இருக்கிற மாதிரி டிவி பணமும் கிடையாது. இதையெல்லாம் விட, ஒலிம்பிக்ஸ்ல ஸ்குவாஷ் இல்ல. 2012, 2016, 2020 மூணுக்கும் கேட்டுக் கேட்டு, மூணு தடவையும் கதவு சாத்தப்பட்டது. நம்ம நாட்ல அரசாங்க வேலை, அரசுப் பரிசு, கம்பெனி ஆதரவு எல்லாமே 'ஒலிம்பிக்ஸ்'ங்கிற ஒத்தச் சொல்லைச் சுத்தித்தான் ஓடுது. அது இல்லாத ஆட்டத்தை ஒருத்தி தொழிலா எடுத்தான்னா வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிங்க.

ஜோஷ்னாவுக்குக் கை கொடுத்தது மிட்டல் சாம்பியன்ஸ் டிரஸ்ட். லட்சுமி மிட்டல் 2005-ல ஆரம்பிச்சது, அதோட ஆரம்பகாலப் பயனாளி இவங்க. அந்தப் பணத்துல வெளிநாட்டுப் பயிற்சி, பயணம் எல்லாம் நடந்துச்சு. அந்த டிரஸ்ட் 2014-ல மூடிட்டாங்க. தனியார் தயவு அப்படித்தான், இருக்கிற வரைக்கும் இருக்கும்.

பணம் கிடைச்சதும் உடனே ஏறிடலை. தொழில்முறைச் சுற்றுல முதல் பட்டம் 2008-ல, மலேசியாவுல, கீழ்மட்டப் போட்டி ஒண்ணு. அப்ப அவங்களுக்கு 21 வயசு. 14-ல தேசிய சாம்பியன் ஆனவங்களுக்கு உலகச் சுற்றுல முதல் பட்டத்துக்கு ஏழெட்டு வருஷம் ஆயிருக்கு. செய்தித்தாள்கள் இந்த வருஷங்களை ஒரு வரியில தாண்டிடும். எனக்கு இதுதான் முக்கியமாப் படுது.

அப்புறம் முழங்கால். பல மாசம் கோர்ட் பக்கமே போக முடியல. 2012-ல திரும்பி வந்து, சொந்த ஊர்ல, சென்னை ஓப்பன்ல இங்கிலாந்தோட சாரா ஜேன் பெர்ரியைத் தோற்கடிச்சுப் பட்டம் எடுத்தாங்க. அதே வருஷம் குவைத்துல இந்தியப் பெண்கள் அணி முதல் தடவையா ஆசிய அணி சாம்பியன் ஆச்சு. 2013-ல அர்ஜுனா விருது.

இப்ப தீபிகா. ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் இந்த வரலாறு முழுசாகும். தீபிகாவோட அம்மா இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடினவங்க. 2012 கடைசியில உலகத் தரவரிசையில முதல் பத்துக்குள்ள வந்த முதல் இந்தியப் பெண் தீபிகாதான், ஜோஷ்னா இல்ல. ஜோஷ்னா அந்தப் பத்தாவது இடத்தைத் தொட்டது 2016-ல. ஒரே ஊர், ஒரே அகாடமி, ஒரே அணி, ஒரே பட்டத்துக்குப் போட்டி. பத்திரிகைகள் ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு கிசுகிசு எழுதுறதுல காட்டின ஆர்வத்தை ஆட்டத்தை விளக்குறதுல காட்டலைன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2014 இன்சியான் ஆசியப் போட்டியில குலுக்கல் எப்படி விழுந்துச்சுன்னா, ரெண்டு பேரும் காலிறுதியிலேயே மோத வேண்டியதாச்சு. தீபிகா ஜெயிச்சு வெண்கலம் எடுத்தாங்க, ஜோஷ்னா தனிநபர்ல வெறுங்கையோட வந்தாங்க. அதே வாரம் ரெண்டு பேரும் ஒரே அணியில ஆடி வெள்ளி வாங்கினாங்க.

அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் கிளாஸ்கோ. காமன்வெல்த் போட்டி, 2014 ஆகஸ்ட் 2, பெண்கள் இரட்டையர் இறுதி. எதிர்ல இங்கிலாந்தோட ஜென்னி டன்காஃப், லாரா மசாரோ. மசாரோ அப்ப நடப்பு உலக சாம்பியன். இரட்டையர்னா அந்த அறைக்குள்ள நாலு பேர், நாலு மட்டை, ஒரு பந்து. கோர்ட் கொஞ்சம் அகலம்னாலும் நெரிசல்தான். ஜோஷ்னாவும் தீபிகாவும் 11-6, 11-8-ன்னு நேர் செட்ல முடிச்சாங்க. காமன்வெல்த்ல ஸ்குவாஷுக்கு இந்தியா வாங்கின முதல் பதக்கமே அதுதான், அதுவும் தங்கம். மேடையில நின்ன ரெண்டு பேருமே சென்னைப் பொண்ணுங்க.

தீபிகா இன்னொரு காரியம் பண்ணாங்க, அதை நான் பதக்கத்துக்கு மேல வைப்பேன். தேசியப் போட்டியில ஆண்களுக்கு ஒரு பரிசுத்தொகை, பெண்களுக்கு அதுல பாதிகூட இல்ல. 2015-ல கேரளத்துல நடந்தப்ப ஆண்கள் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய், பெண்கள் சாம்பியனுக்கு 50,000. அதே கோர்ட், அதே பந்து, அதே அஞ்சு செட். சமமாக் கொடுக்காத வரை ஆடமாட்டேன்னு 2012-லிருந்து 2015 வரை நாலு வருஷம் தீபிகா தேசியப் போட்டிக்கே போகல. 2016-ல தொகையைச் சமமாக்கினாங்க. வந்தாங்க, ஜெயிச்சாங்க, அதுவும் இறுதியில ஜோஷ்னாவையே தோற்கடிச்சு.

ஜோஷ்னா அந்த நாலு வருஷமும் ஆடினாங்க. இதுக்காக அவங்களைக் குறை சொல்றவங்க இருக்காங்க. நான் அந்தக் கட்சியில இல்ல. ஒருத்தர் வெளிய நின்னு கதவைத் தட்டினாங்க, ஒருத்தர் உள்ள இருந்து இடத்தைக் காலி பண்ணாம பார்த்துக்கிட்டாங்க. ஆனா வரலாறு பேசுறவன் கணக்கை நேர்மையாச் சொல்லணும். ஜோஷ்னாவோட தேசியப் பட்ட எண்ணிக்கையில அந்த வருஷங்களும் சேரும், நாட்டோட இன்னொரு முதல்தர வீராங்கனை இல்லாத வருஷங்கள் அவை.

2015-க்கு வருவோம். தோஹாவில கத்தார் கிளாசிக். எதிர்ல ரனீம் எல் வெலிலி. பத்து வருஷம் முன்னாடி பெல்ஜியத்துல ஜூனியர் கோப்பையைக் கையில இருந்து பறிச்சுக்கிட்டுப் போன அதே ரனீம். இப்ப அவங்க உலகத்துல நம்பர் 1. ஒன்பது வருஷமா நிக்கோல் டேவிட் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்பத்தான் பிடிச்சிருந்தாங்க. அந்த நம்பர் 1-ஐ ஜோஷ்னா தோற்கடிச்சாங்க. அந்தப் பத்து வருஷத்துல ரனீமுக்கு எகிப்தோட மொத்த ஸ்குவாஷ் அமைப்பும் பின்னாடி இருந்துச்சு. தினமும் அடிச்சுப் பழக உலகத்தரப் பெண்கள் ஒரே ஊர்ல வரிசையா இருந்தாங்க. ஜோஷ்னாவுக்கு, பழகணும்னா பையன்களோட, இல்லைன்னா விமானம் ஏறணும்.

நிக்கோல் டேவிட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை. மலேசியாவில பினாங்கு, அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி. எட்டு தடவை உலக சாம்பியன். ஆசியப் பெண் ஸ்குவாஷ்னாலே அவங்கதான். 2018 ஏப்ரல்ல எகிப்தோட எல் கூனாவில நடந்த போட்டியில அவங்களை ஜோஷ்னா நேர் செட்ல ஜெயிச்சாங்க. அதே வருஷம் ஜகார்த்தா ஆசியப் போட்டியில, அணிப் பிரிவு அரையிறுதியில இன்னொரு தடவை. அந்த ஜெயம்தான் இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோச்சு. இறுதியில ஹாங்காங்கிட்ட தோத்து வெள்ளி. அதே ஜகார்த்தாவுல தனிநபர் அரையிறுதியில ஜோஷ்னாவைத் தோற்கடிச்சது யாரு தெரியுமா? சிவசங்கரி சுப்ரமணியம், மலேசியத் தமிழ்ப் பொண்ணு, அப்ப 19 வயசு. 2022-ல பெரிய கார் விபத்துல சிக்கி, எழுந்து வந்து, அடுத்த வருஷம் ஹாங்சோவில ஆசியத் தங்கம் வாங்கினவங்க. அவங்களுக்குத் தனியா ஒரு எபிசோட் பாக்கி இருக்கு.

ஆசிய சாம்பியன்ஷிப்பை விட்டுட்டேன் பாருங்க. 2017 ஏப்ரல், சென்னை. ராயப்பேட்டையில எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் இருக்கே, அதுக்குள்ள கண்ணாடிக் கோர்ட்டை நிறுத்தி ஆட வச்சாங்க. துணி வாங்க வந்தவங்க ஐஸ்கிரீமைக் கையில வச்சுக்கிட்டு நின்னு பார்க்கிற ஆட்டம். கிளப் கதவுக்குப் பின்னாடி இருந்த விளையாட்டு, காசு கொடுத்து உறுப்பினர் ஆகாதவங்க கண்ணுக்கும் தெரிஞ்சது இப்படித்தான். பெண்கள் இறுதியில ஜோஷ்னாவும் தீபிகாவும். முதல் செட் தீபிகா 15-13. ரெண்டாவது ஜோஷ்னா 12-10. மூணாவது தீபிகா 13-11. மூணு செட்டும் நூல் வித்தியாசம். அதுக்கப்புறம் ஜோஷ்னா 11-4, 11-4. ஒருத்தரோட கால் ஓஞ்சுபோச்சு, இன்னொருத்தரோடது ஓயலை. ஓயாதது அஞ்சு வயசு மூத்தவங்களோட கால். ஆசியத் தனிநபர் பட்டம் ஜெயிச்ச முதல் இந்தியர் ஜோஷ்னா. 2019-ல கோலாலம்பூர்ல ஹாங்காங்கோட ஆனி ஆவைத் தோற்கடிச்சு அதைத் தக்க வச்சாங்க.

2019-லயே புனேயில 17-வது தேசியப் பட்டம். புவனேஸ்வரி குமாரியோட 16, 27 வருஷமா யாராலும் தொட முடியாம இருந்த எண், அன்னைக்குத் தாண்டிப்போச்சு. அடுத்த வருஷம் 18. புவனேஸ்வரி எடுத்தது தொடர்ச்சியா, ஜோஷ்னா எடுத்தது விட்டு விட்டு. எது பெருசுன்னு கேட்டா, தொடர்ச்சியா ஜெயிக்கிறவங்களைவிட தோத்துட்டுத் திரும்பி வந்து ஜெயிக்கிறவங்க பக்கம் எனக்கு மனசு சாயும். அது என் சாய்வு, விடுங்க.

கோவிட் வந்தது, சுற்று நின்னுது. தீபிகாவுக்கு 2021-ல இரட்டைக் குழந்தைங்க பிறந்தது. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. 2022 ஏப்ரல்ல, மறுபடி அதே கிளாஸ்கோவுல உலக இரட்டையர் சாம்பியன்ஷிப். பிரசவமாகி ஆறு மாசம் ஆன தீபிகாவும், 35 வயசு ஜோஷ்னாவும் இங்கிலாந்து ஜோடியை ஜெயிச்சு உலக சாம்பியன். தீபிகா அதே நாள்ல சௌரவ் கோஷலோட கலப்பு இரட்டையரும் எடுத்தாங்க. குழந்தை பிறந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்ற வாய்க்கு அந்த ஒரு நாள் போதும்.

2023-ல ஹாங்சோ, அணியில வெண்கலம். அந்த அணியில ஜோஷ்னா, தீபிகா, தன்வி கன்னாவோட அனாஹத் சிங்னு ஒரு 15 வயசுப் பொண்ணும் இருந்துச்சு. ஜோஷ்னா முதல் தேசியப் பட்டம் வாங்கினப்ப அந்தப் பொண்ணு பிறக்கவே இல்ல. அடுத்த மாசம் மும்பையில ஒலிம்பிக் கமிட்டி கூடி, 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்குவாஷ் உண்டுன்னு முடிவு பண்ணாங்க. ஜோஷ்னா வாழ்நாள் பூரா காத்திருந்த சொல் அது, வந்தப்ப அவங்களுக்கு 37. 2024-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம ஊர்ல பத்ம விருதுன்னா மாலை போட்டு உட்கார வைக்கிறதுன்னு அர்த்தம். இவங்க உட்காரலை.

தரவரிசை நூறுக்கு வெளிய போயிருந்துச்சு. அந்த நிலையில 2025 அக்டோபர்ல ஜப்பானுக்குப் போனாங்க. யோகோஹாமாவில ஜப்பான் ஓப்பன். பத்தாவது இடத்துல இருந்தவங்க திரும்ப அடிமட்டத்துல இருந்து சின்னப் போட்டி ஆடுறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. சின்ன ஹால், கொஞ்சம் கூட்டம், எதிர்ல பாதி வயசுப் பொண்ணுங்க. இறுதியில எகிப்தோட ஹயா அலியை 3-1-ன்னு ஜெயிச்சுப் பட்டம் எடுத்தாங்க. தொழில்முறைச் சுற்றுல அது 11-வது பட்டம்.

ரெண்டு மாசம் கழிச்சு, டிசம்பர்ல, நம்ம அக்கா டிவில பார்த்தது. உலகக் கோப்பை, கலப்பு அணி, சென்னை. அதே எக்ஸ்பிரஸ் அவென்யூ, அதே மாதிரி கண்ணாடி அறை. அணியில ஜோஷ்னா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனாஹத் சிங். நாலுல மூணு பேர் தமிழ்நாட்டுக்காரங்க. இறுதியில ஹாங்காங். முதல் ஆட்டத்துக்கு ஜோஷ்னாவைத்தான் இறக்கினாங்க. இந்தப் போட்டியில செட் ஏழு பாயிண்ட்தான், மளமளன்னு முடிஞ்சுடும், நிதானமா ஆரம்பிக்க நேரம் கிடையாது. எதிர்ல லீ கா யீ. முதல் செட் ஜோஷ்னா, ரெண்டாவது போச்சு, மூணாவது இழுபறியில எடுத்தாங்க, நாலாவது 7-1. அப்புறம் அபய், அப்புறம் அனாஹத். 3-0. ஸ்குவாஷ் உலகக் கோப்பையை இந்தியா எடுத்தது அதுதான் முதல் தடவை.

அக்காகிட்ட இதை எல்லாம் சுருக்கிச் சொன்னேன். கிளப், அப்பா, அகாடமி, டிரஸ்ட், முழங்கால், எல்லாம். கடைசி வரைக்கும் கேட்டாங்க. "அப்ப யாரும் விடல, அவளாத்தான் விடாம இருந்திருக்கா"ன்னாங்க. பாதி சரி, பாதி இல்லைக்கான்னேன், அந்தக் கோர்ட் இல்லைன்னா எதை விடாம இருக்கிறது? கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நம்ம பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம் இருக்கும்னு கேட்டாங்க. பத்தடி வரும்னேன். சாயந்திரம் பூட்டிடுவாங்களான்னு அடுத்த கேள்வி. விசாரிச்சுச் சொல்றேன்னு வந்திருக்கேன்.

அடுத்த எபிசோட்ல திரும்பவும் நம்ம ஊர்ச் சண்டைக்கே வருவோம். இந்தத் தடவை பல்லவர் காலம்.